பதிலுக்கு அரைப் பக்கம்

14.06.1994, செவ்வாய்

ஜெனரேற்றர் இன்றைக்கும் இரண்டு தரம் நின்றது. கனகசபை வாத்தியாருடைய கல்வெட்டில் நான்கு பக்கம் போய்விட்டது. வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள். அன்றைக்கு அந்தியேட்டி முடிந்து சாப்பிட வருகிற சனத்தின் கையில் கல்வெட்டு என்கிற இந்த நினைவுப் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால், பிறகு அடித்து என்ன பயன்? தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அடித்தேன். புலம்பலை இரண்டாம் தரம் அடிக்கும்போது அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.

பன்னிரண்டு வருடம் இந்த அச்சகத்தில் எழுத்துக் கோத்தவள் நான். பிறகு பிழை திருத்துகிறவள். ஈய எழுத்துத் தட்டோடு கவிழ்ந்தாலும் நிலத்தில்தான் கிடக்கும், குனிந்து பொறுக்கலாம். இந்தக் கொம்பியூட்டரில் கரண்ட் நின்றதும் திரையில் இருந்த எழுத்து எங்கே போகிறது? எங்கேயாவது கிடக்க வேண்டும்தானே? முதலாளியைக் கேட்டேன். "மகாதேவி, நீர் அடியும். ஆராய்ச்சி பேந்து செய்யலாம்" என்கிறார்.

ரொறன்ரோவில் இருக்கிற தில்லைநாதன் அண்ணைக்கு எழுதிக் கேட்கப்போகிறேன். அண்ணையின் கூட்டாளி ஒருவர்தான் இந்தத் தமிழ் அடிக்கும் புரோகிராமைச் செய்தவர்.

02.07.1994, சனி

அண்ணைக்குக் கடிதம் போட்டாயிற்று. கப்பலில் போய், கொழும்பு போய், அங்கே போய்ச் சேர ஒரு மாதம். பதில் வர இன்னொரு மாதம், கப்பல் ஓடினால்.

அண்ணை முன்பு எழுதியது நினைவிருக்கிறது. இந்தப் புரோகிராமைப் பாவிக்கிறவர்கள் அங்கே நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்களாம். கொம்பியூட்டரை ரெலிபோன் வயரில் கொழுவி, எல்லாருக்கும் பொதுவான ஒரு பலகையில் எழுதுகிறார்களாம். ஒருவர் கேள்வி எழுதினால் லண்டனிலும் நோர்வேயிலும் இருக்கிறவர்கள்கூடப் பார்த்துப் பதில் எழுதுவார்களாம். பலர் ஒருவரையொருவர் முகம் பார்த்ததே இல்லையாம். எனக்கு முழுக்க விளங்கவில்லை. தேர்முட்டியடியில் கூடிநின்று கதைப்பது போல ஒன்று என்று வைத்துக்கொண்டேன். இங்கே ரெலிபோன் செத்து நாலு வருடம். என் கேள்வியை அண்ணைதான் அந்தப் பலகையில் எழுதிவிட வேண்டும்.

19.09.1994, திங்கள்

அண்ணையின் கடிதம் வந்தது. கூடவே, ஓரத்தில் துளை போட்ட தாளில் அச்சடித்த பதினாறு பக்கம். பலகையில் எழுதினதை அப்படியே அச்செடுத்து அனுப்பியிருக்கிறார். பாதி இங்கிலீஷ். மீதி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியது. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

என் கேள்விக்குப் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலாவது ஒரு இஞ்சினியர். பெயர் வேண்டாம். "ஊரிலையிருந்து வந்திருக்கிற கேள்வியைப் பாருங்கோ. எழுத்து எங்கை போகுதாம். ஆராவது பிடிச்சுக் குடுங்கோ." அதன் கீழே மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். இன்னொருவர் இங்கிலீஷில்: இது விஷயம் தெரிந்தவர்கள் கதைக்கிற இடம், கைநூலை வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாவதாக ஒருவர்தான் ஒழுங்காகச் சொன்னவர். திரையில் இருப்பது இன்னும் எழுதப்படாதது மாதிரி, டிஸ்க்கில் இறக்கினால்தான் நிற்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் இறக்குங்கள் என்று.

பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள். முகம் எரிகிறது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கினவள் நான். உவை ஆர் என்னைப் பாத்துச் சிரிக்க?

20.09.1994

எழுத்து எங்கை போகுதாம். அரிசி களையும்போதும் அதுதான் காதில்.

25.09.1994, ஞாயிறு

கோபம் கொஞ்சம் ஆறி, மற்றப் பக்கங்களையும் வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவும் பிரயோசனமான விஷயம். பிரின்ரர் ரிபன் காய்ந்தால் என்ன செய்வது, டிஸ்க்கில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைப்பது, ஒரே பெயரில் இரண்டு பைல் வைத்தால் பழையது என்ன ஆகும்... இதெல்லாம் தெரியாமல் நான் மட்டுமா இருக்கிறேன்? இந்தப் புரோகிராம் உள்ள கொம்பியூட்டர் எனக்குத் தெரிய வலிகாமத்தில் நாலு. நாலு பேரும் தனித்தனியே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்கு ஒரு பலகை இருந்தால் எங்களுக்கு ஒரு கொப்பி இருக்கட்டும்.

11.10.1994, செவ்வாய்

எண்பது பக்க ஒற்றைறூள் கொப்பி. மட்டைக்கு அச்சகத்தின் பழைய கலண்டர்த் தாள் போட்டேன். கனடாப் பக்கங்களில் உள்ள கேள்விகளையும் பதில்களையும் நல்ல தமிழில், விளங்குகிற தமிழில் எழுதியிருக்கிறேன். இதுவரைக்கும் பதினேழு.

கொப்பி சைக்கிளில் சுற்றும். என்னிடமிருந்து சுன்னாகத்தில் ஒரு சங்கக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிற கனகரத்தினத்திடம். அவரிடமிருந்து மல்லாகம் இடம்பெயர்ந்தோர் நிலையத்தில் ரைப் அடிக்கிற பராசக்தியிடம். பிறகு பாசையூரில் கோயில் மடல் அடிக்கிற பேதுருவிடம். பிறகு எனக்கு. ஆளுக்கு மூன்று நாள்.

கேள்வியை எல்லாரும் துண்டில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். நான் திருத்திக் கொப்பியில் ஏற்றுவேன். கண்டபடி எழுதினால் குப்பையாகிவிடும். கேள்வி மேலே, கேட்டவர் பெயர் அதன் கீழே, பதிலுக்கு அரைப் பக்கம் வெறுமையாக விட வேண்டும். தெரிந்தவர் யாரும் அதில் எழுதலாம். ஒருவருக்கும் தெரியாததைக் கனடாவுக்கு அனுப்புவேன்.

பேதுரு மறித்துக் கேட்டார், "ஏன் ரீச்சர், நாங்களே கொப்பியிலை எழுதினா என்ன?" நான் ரீச்சர் இல்லை, ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுகிறார். கையெழுத்து ஒன்றாக இருந்தால் வாசிக்கச் சுகம் என்றேன். அது பொய்யில்லை.

30.10.1994, ஞாயிறு

மல்லாகம் போனேன். பராசக்தியை இப்போதுதான் ஆறுதலாகப் பார்த்துக் கதைத்தேன். மயிலிட்டிக் கடற்கரை ஆள். தொண்ணூறில் வெளிக்கிட்ட சனம். முப்பது முப்பத்தொரு வயதிருக்கும். ரைப்பிங் படித்திருக்கிறாள், அதனால் நிலையத்துக்கு யாரோ கொடுத்த கொம்பியூட்டரில் இவளை இருத்திவிட்டார்கள்.

அவள் அடிப்பது ஒரு பட்டியல். கடலிலும் தரையிலும் காணாமற்போனவர்களுடைய பெயர். கடைசியாக எங்கே, என்ன உடுப்பு, கூடப் போனது யார், உடம்பில் என்ன அடையாளம். சனம் வந்து சொல்லச் சொல்லத் துண்டில் எழுதி, பிறகு அடிக்கிறாள். தாள் தட்டுப்பாடு. அடித்து முடித்த துண்டின் மறுபக்கத்தில் அடுத்தவருடையதை எழுதுகிறார்கள், அதுவும் முடிந்தால் அடுப்புக்கு. அச்செடுக்க ரிபனும் இல்லை. எல்லாம் மூன்று டிஸ்க்கில் இருக்கிறது. காணாமற்போனவர்களைத் தேடுகிற ஒரு வெளிநாட்டு நிறுவனம் அடுத்த ஆவணியில் ஆள் அனுப்பி அதை வாங்கும்.

முதலாவது பெயர் பஞ்சலிங்கம். அவளுடைய புருஷன். தொண்ணூறு ஆனியில் தொழிலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறாள். நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "பட்டியல் போகட்டும் அக்கா. அவை தேடி ஒரு பதில் சொல்லட்டும். பேந்து அழிக்கிறதோ வைக்கிறதோ எண்டு பாப்பம்" என்றாள்.

18.11.1994, வெள்ளி

கனடாவுக்குக் கேள்விகள் எழுதினேன். துண்டுகள் பதினான்கு வந்தன. எட்டை எடுத்தேன். கனகரத்தினத்துக்கு இரண்டு வெட்டு. பேதுருவுக்கு மூன்று வெட்டு. அந்த மனிதர் "மவுஸுக்கு எண்ணெய் விடலாமோ" என்று கேட்டிருக்கிறார்.

பராசக்தியின் துண்டு: "அக்கா ஓட வேண்டி வந்தா டிஸ்க் மூண்டையும் சைக்கிள் டைனமோவையும் ஒரு பேணிக்குள்ளை போடலாமோ. மூடி இறுக்கமான பேணி ஒண்டுதான் கிடக்கு. பற்றறி இல்லாததாலை டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேக்கிறம் அதையும் விட்டிட்டுப் போகேலாது."

இதைப் போய் அந்த இஞ்சினியருக்கு முன்னால் வைப்பதா? டைனமோவாம், பேணியாம் என்று இன்னொரு தரம் சிரிக்கட்டும் என்றா? யாழ்ப்பாணத்தில் இருப்பதெல்லாம் இப்படித்தான் என்று நினைக்கட்டும் என்றா? பேணிக்குள் என்னத்தைப் போடுவது என்பது கொம்பியூட்டர்க் கேள்வியும் இல்லை. வெட்டிவிட்டேன். கொப்பியிலும் ஏற்றவில்லை, கனடாவுக்கும் எழுதவில்லை. துண்டை மட்டும் எறிய மனம் வரவில்லை, இந்தப் பக்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.

09.01.1995, திங்கள்

சண்டை நிற்பாட்டியாயிற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். சனம் சிரித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறது. அம்மா நாளைக்குப் பாயாசம் வைக்கப்போகிறாளாம். நம்பலாமா என்று தெரியவில்லை.

கொப்பி வாங்க வந்த பராசக்தி கேட்டாள். "என்ரை கேள்விக்குக் கனடாவிலையிருந்து பதில் வந்திட்டுதோ அக்கா?"

இன்னும் வரவில்லை என்றேன். வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. ஒரு கேள்விக்காக அவளை நோகடிப்பானேன்?

03.03.1995, வெள்ளி

கனடாப் பக்கங்கள் வந்தன. எட்டுக் கேள்விக்கும் பதில். அந்த இஞ்சினியரே எழுதியிருக்கிறார், "யாழ்ப்பாணத்துக் கேள்வியள் இப்ப தரமா வருது. ஆரோ விஷயம் தெரிஞ்ச ஆள் இருக்கினம்." இதை நான் மூன்று தரம் வாசித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், வெட்கம்தான்.

டிஸ்க் பாதுகாப்பைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருக்கிறது. வெயில் படக்கூடாது, வளைக்கக்கூடாது, விரல் படக்கூடாது, காந்தத்துக்கு அருகில் வைக்கக்கூடாது, வைத்தால் எல்லாம் அழிந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். பிரதி எடுக்கப் புது டிஸ்க் எங்கே இருக்கிறது? தடை செய்த சாமான். வவுனியா தாண்டி வராது. அதை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் அழகாகக் கொப்பியில் ஏற்றினேன். சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

05.03.1995, ஞாயிறு

பராசக்தி எனக்கு முன்னாலேயே நின்று அந்தப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தாள். காந்தம் என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.

"காந்தத்துக்கு நாங்கள் எங்கையக்கா போறது? பாண் வாங்கவே வரிசையிலை நிக்கிறம்."

இருவரும் சிரித்தோம். போகும்போது மறுபடி கேட்டாள், பேணிக் கேள்விக்குப் பதில் வந்ததா என்று. இல்லை என்றேன். இரண்டாம் தரம் சொல்லும்போது சுகமாகத்தான் இருக்கிறது, பொய்.

பட்டியல் ஐந்நூற்றுச் சொச்சம் ஆகிவிட்டதாம்.

20.04.1995, வியாழன்

மறுபடி சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். பாயாசம் வைத்த சட்டி கழுவிக் காயவில்லை என்று அம்மா சொல்கிறாள், மூன்று மாதம் ஆனதை மறந்துவிட்டு.

18.06.1995, ஞாயிறு

கப்பல் ஒழுங்கில்லை. கடிதம் இல்லை. கொப்பி மட்டும் சுற்றுகிறது. கேள்வி நாற்பதாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் நாங்களே ஒருவருக்கொருவர் பதில் எழுதிவிடுகிறோம். காய்ந்த ரிபனுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டு விளக்குக் கரி பூசலாம் என்று கனகரத்தினம் எழுதியிருக்கிறார், செய்தும் காட்டினார். கனடாவில் எவருக்கும் இது தெரிந்திராது.

பட்டியல் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஓகஸ்ட் பதினைந்தில் வாங்க வருவது உறுதியாம்.

09.07.1995, ஞாயிறு

விடியத் தொடங்கிய ஷெல். அளவெட்டிப் பக்கமிருந்து சனம் ஓடி வருகிறது. மல்லாகமும் வெளிக்கிட்டுவிட்டதாம். நாங்கள் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்திக்கொண்டு உடுவிலிலிருந்து கோப்பாய்க்கு வந்துவிட்டோம். நாட்குறிப்பும் கொப்பியும் என் பையில். முதலாளி அச்சகத்தைப் பூட்டவில்லை, பூட்டி என்ன என்று சொன்னார்.

11.07.1995, செவ்வாய்

பராசக்தியைக் கோப்பாய்ச் சந்தியில் கண்டேன். அந்த நெரிசலில் அவள்தான் என்னைக் கண்டாள். காலில் செருப்பில்லை. மார்போடு ஒரு பிஸ்கற் பேணியை அணைத்துப் பிடித்திருந்தாள், பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.

"எல்லாம் இதுக்குள்ளை கிடக்கக்கா. ஒண்டும் விடேல்லை." பேணியைத் தட்டிக் காட்டினாள். "டைனமோவையும் போட்டுத் துணி அடைஞ்சு வைச்சிருக்கிறன். பதில் வரேல்லை எண்டா பிழையில்லை எண்டுதானே."

ஓம் என்றேன். எனக்கும் நிம்மதியாக இருந்தது. கொம்பியூட்டர் போனால் போகட்டும், டிஸ்க்கை என்னிடம் கொண்டுவந்தால் அச்சகத்தில் போட்டு எப்படியாவது அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

24.07.1995, திங்கள்

உடுவிலுக்குத் திரும்பி மூன்று நாள். கூரையில் நாலு ஓடு இல்லை, மற்றப்படி வீடு நிற்கிறது. முதலாளி ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் எடுத்துவிட்டார். வியாழன் வரச்சொல்லிப் பராசக்திக்கு ஆளனுப்பியிருக்கிறேன்.

27.07.1995, வியாழன்

ஒன்றும் இல்லை.

முதலாவது டிஸ்க்கைப் போட்டேன். வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பைல்களின் பெயர் தெரிந்தது, திறந்தால் கட்டம் கட்டமாகக் குறிகள். நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் "நீலச் சாறம்" என்று இரண்டு சொல். அவ்வளவுதான். யார் உடுத்திருந்த சாறம் என்று இல்லை.

பராசக்தி எனக்குப் பின்னால் நின்றாள். "இன்னொருக்காப் போட்டுப் பாருங்கோ அக்கா." போட்டேன். "மற்றப் பக்கமாப் போட்டா?" போட்டேன். பன்னிரண்டு தரமாவது போட்டிருப்பேன். அவள் அழவில்லை. அழுதிருக்கலாம்.

கனகரத்தினம் பின்னேரம் வந்து பார்த்தார். ஈரமும் இல்லை, பூஞ்சணமும் இல்லை, வளையவும் இல்லை. "வடிவா வைச்சிருக்கிறாள் பிள்ளை. ஏன் அழிஞ்சது எண்டு விளங்கேல்லை" என்றார்.

30.07.1995, ஞாயிறு

சைக்கிளுக்குக் காற்று அடிக்கச் சந்திக்குப் போனேன். சைக்கிள் திருத்துகிற யாகோப்பு ஒரு டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த உருண்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, கீழே சிந்தின சின்ன ஆணிகளுக்கு மேலே பிடித்தார். ஆணியெல்லாம் குதித்து அதில் ஒட்டிக்கொண்டன. வழமையாக அப்படித்தான் பொறுக்குவாராம்.

நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர் சொன்னார், "காந்தம்தானே பிள்ளை. காந்தம் சுத்தினாத்தானே கரண்ட் வரும். உது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியாது. இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கினவளுக்குத் தெரியாது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். காற்று அடிக்க மறந்துவிட்டேன்.

31.07.1995, திங்கள்

சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினேனே. காந்தத்துக்கு அருகில் வைக்கக்கூடாது. என் வடிவான கையெழுத்தில். அவள் விரல் வைத்து வாசித்தாளே. நானும் நின்று சிரித்தேனே.

அந்தத் துண்டைக் கொப்பியில் ஏற்றியிருந்தால் கனகரத்தினம் யாகோப்பைக் கேட்டிருப்பார், அவருடைய சைக்கிள் எப்போதும் அந்தக் கடையில்தான் கிடக்கும். கனடாவுக்கு அனுப்பியிருந்தால் ஒருவர் சிரித்திருப்பார், எட்டாவதாக ஒருவர் பதில் எழுதியிருப்பார். எனக்கு எழுதினவர் போல. சிரிச்சா என்ன? சிரிச்சிட்டுப் போகட்டுமே. எனக்கென்ன குறைஞ்சு போயிருக்கும்?

ஐயோ, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.

05.08.1995, சனி

சொல்லத்தான் போனேன். சாமி சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். பராசக்தி இப்போது சுண்டுக்குளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறாள். டைனமோவுக்குள் காந்தம் இருக்கிற விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான்தான் அழிச்சுப்போட்டன்."

இல்லை என்றேன்.

"கனடாக்காரர் பதில் போட்டிருந்தாத் தப்பியிருக்கும். அவையைச் சொல்லியும் குற்றமில்லை. எத்தினை பேரின்ரை கேள்வியைப் பாக்கிறது அவை." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் அனுப்பித்தானே விட்டனீங்கள், நீங்கள் ஏனக்கா கண் கலங்கிறியள்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்படி ஒரு கோழை நான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

16.08.1995, புதன்

நேற்று அந்த நிறுவனத்து ஆட்கள் வந்து போனார்களாம். பராசக்தி மனப்பாடமாகத் தெரிந்த முப்பத்தெட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பேதுரு வந்து சொன்னார். முதலாவதாகப் பஞ்சலிங்கத்தைச் சொன்னாளா என்று கேட்டேன். கடைசியாகத்தான் சொன்னாளாம். "மற்றச் சனம் என்னை நம்பித்தானே தந்தது" என்றாளாம்.

31.10.1995, செவ்வாய்

செம்மணி வெளி தாண்ட ஒரு பகல் போதவில்லை. மழை. முழு யாழ்ப்பாணமும் இடம்பெயர்ந்து ஒரு றோட்டில். அம்மா கரியரில், நான் தள்ளிக்கொண்டு. சைக்கிளை ஓடவும் முடியாது, நிற்பாட்டவும் முடியாது. பையில் இரண்டு சேலை, அம்மாவின் மருந்து, இந்த நாட்குறிப்பு, கொப்பி. கொப்பியை ஏன் எடுத்தேன்? கொம்பியூட்டர் ஒன்றும் இனி இல்லை. அச்சகத்தையும் விட்டுத்தான் வந்தோம்.

06.11.1995, திங்கள்

மீசாலை. ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டிலில் ஐந்து குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல்.

19.11.1995, ஞாயிறு

பங்கீட்டு அரிசி வரிசையில் பராசக்தியைக் கண்டேன். அரைக் கட்டை தூரத்தில்தான் இருக்கிறாள். கையில் மருந்துப் பெட்டி அட்டைகள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டு திரிகிறாள். மறுபடி முதலிலிருந்து. ஆனால் முன்பு சொன்ன சனத்தில் பாதியைக் காணவில்லை, வன்னிக்குப் போய்விட்டார்கள். இரண்டு கிழவிகள் செத்தும் போனார்கள். அந்த இரண்டு பேரின் பிள்ளைகளை இனி அடையாளம் சொல்ல யாரும் இல்லை.

"எழுதத் தாள் இருக்குதோ அக்கா?" என்று கேட்டாள்.

கொப்பி நினைவு வந்தது. பின்பாதி வெறுமைதான்.

நாளைக்குத் தருகிறேன் என்றேன். முன்பாதியை அவள் வாசிக்க மாட்டாள், வெறும் தாளைக் கிழித்துக் கொடுத்தாலும் போதும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. கொட்டிலுக்கு வரும் வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

20.11.1995, திங்கள்

கிழிக்கவில்லை. அந்தத் துண்டை எடுத்தேன். இந்த நாட்குறிப்பின் போன வருடத்துப் பக்கத்துக்குள் ஒரு வருடம் கிடந்து மஞ்சளாகிவிட்டது. மத்தியானச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து மசித்து, நாற்பத்தோராம் கேள்வியாக ஒட்டினேன். திருத்தவில்லை, பிரதி எழுதவில்லை. அவளுடைய எழுத்திலேயே. கீழே பெயர். அரைப் பக்கத்தில் பதில் எழுதினேன்:

போடக்கூடாது. டைனமோவுக்குள் காந்தம் இருக்கிறது. இந்தக் கேள்வி 18.11.1994 அன்று என் கையில் வந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று நான் கொப்பியில் ஏற்றவில்லை, கனடாவுக்கும் அனுப்பவில்லை. பதில் வரவில்லை என்று சொன்னது பொய். – மகாதேவி.

கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். நாற்பத்தொன்றை வாசியும் என்று சொல்லிவிட்டு, நிற்காமல் வந்துவிட்டேன்.

23.11.1995, வியாழன்

ஆளுக்கு மூன்று நாள். சரியாக மூன்றாம் நாள் கொப்பி வந்துவிட்டது. அவள் வரவில்லை. பக்கத்துக் குடிசைப் பெண்ணொருத்தி கொண்டுவந்தாள். "இண்டைக்கே பாத்திட்டுத் தரட்டாம். சனம் எழுதக் காத்துக்கொண்டு நிக்குதாம்" என்றாள்.

கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். பெயர்கள். ஆனால் பராசக்தியின் கையெழுத்து இல்லை. ஒவ்வொருவரும் தாங்களே எழுதியிருக்கிறார்கள். பென்சில், நீலம், கறுப்பு. ஒருவர் கையெழுத்து இறங்கி இறங்கிப் போய்ப் பக்கத்துக்கு வெளியே விழுகிறது. எழுதத் தெரியாத ஒருவர் பெருவிரலை வைத்திருக்கிறார், பக்கத்தில் யாரோ பெயர் போட்டிருக்கிறார்கள். மகன் வளர்த்த நாயின் பெயர் என்ன, என்ன கறி விருப்பம், யாரோடு கோபம், எல்லாம் இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் பாதியை வெட்டியிருப்பேன். நூற்றுநாலு பேர். முதலாவது பஞ்சலிங்கம். அது மட்டும் அவளுடைய எழுத்து.

அதற்கு முன்னால் நாற்பத்தொன்று. என் பதிலின் மேல் ஒரு கோடுகூட இல்லை. எதிர்ப்பக்கத்தில் அவள் எழுதியிருக்கிறாள்.

கேள்வி 42. கேட்டவர் பராசக்தி. "என்ரை கேள்வியை வெட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

அதன் கீழே பதிலுக்கு அரைப் பக்கம் விட்டிருக்கிறாள்.